பறவைப் பெயர்களும் தமிழும்: பாலிங் முதல் கடற்கரை வரை



பாலிங் மலையடிவாரத்தில் விடியலில் புறப்பட்டு, கெட்டில் ஆற்றின் போக்கில் மேற்கே சென்றால், அது கலக்கும் மூடா ஆற்றின் கழிமுகத்தை மாலைக்குள் அடையலாம். காடு, ரப்பர்த் தோட்டம், வயல், கடற்கரை என்னும் நான்கு நிலங்களின் பறவைகளையும் ஒரே நாளில் காட்டும் வழி இது. மொழியியலார்க்கு இது பெயர்களின் வழியுமாகும்.

மலைக்காட்டில் இருவாச்சி வாழ்கிறது. அதன் அலகின்மேல் மற்றோர் அலகு போன்ற புடைப்பு உண்டு. இரு வாய் உடையதுபோல் தோன்றுவதால் அப்பெயர் பெற்றது என்பர். தோட்டத்துப் புதர்களில் திரியும் செம்போத்தை மலாய்மொழி 'பூட் பூட்' என்கிறது. நாம் நிறத்தைக் கண்டு பெயரிட்டோம். அவர்கள் குரலைக் கேட்டுப் பெயரிட்டனர். ஓடைக்கரை மீன்கொத்தி அவர்களுக்கு 'ராஜா ஊடாங்', அதாவது இறால் அரசன். கடற்கரையை அடைந்தால் இரு மொழியும் ஒன்றுபடுகின்றன: நமது செம்பருந்து, அவர்களது 'லாங் மேரா'. இரண்டும் செந்நிறத்தையே சுட்டுகின்றன.

மீன்கொத்தி என்பதை மீன் + கொத்து + இ எனப் பிரிக்கலாம். இறுதி 'இ' செய்பவரை உணர்த்தும் விகுதி. மரங்கொத்தி, ஆள் வரவைக் கூவி அறிவிக்கும் ஆட்காட்டி ஆகியனவும் இவ்வாறு அமைந்தவையே. 2000க்குப் பின் கெடா வயல்களில் ஒரு நாரையினம் பெருந்திரளாக வந்திறங்கலாயிற்று. நெல்லை அழிக்கும் அயல்நாட்டு நத்தைகளே அதன் உணவு. இந்நாட்டிற்குப் புதிய அப்பறவைக்குத் தமிழில் பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. நத்தைகுத்தி நாரை என்னும் பெயர் தமிழகத்தில் முன்பே வழங்கிவருகிறது.

இப்பெயர்கள் ஏட்டில் கற்றவை அல்ல. பால்மரம் வெட்டச் சென்ற பெற்றோருடன் நிரையில் நடந்த பிள்ளைகள் கேட்டுக் கற்றவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபின், பறவை இருக்கிறது. பெயரைச் சொல்லித் தரும் நிரை இல்லை. எல்லாவற்றையும் 'குருவி' என்றழைக்கும் பிள்ளை ஒரு சொல்லை மட்டும் இழக்கவில்லை. வேறுபாடு காணும் பார்வையையும் இழக்கிறது.

ஆதலால் ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும் ஒரு குறிப்பேடு வையுங்கள். கண்ட பறவை, கண்ட இடம், வீட்டு மூத்தோர் சொன்ன பெயர், மலாய்ப் பெயர் ஆகிய நான்கையும் மாணவர் எழுதட்டும். மூத்தோர் நம்மோடு இருக்கும்போதே இப்பணி நிகழ்தல் வேண்டும்.