வேலையும் வேண்டும், உயிரும் வேண்டும்

அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த தெர்மாமீட்டர் ஆலையை 1980களில் கொடைக்கானலில் நிறுவினார்கள். மலைக்கு வேலை வந்தது; பாதரசமும் வந்தது. அது ஆவியாகி மூச்சில் ஏறி, நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் விஷம்.

2001இல், பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி 7 டன்னுக்கு மேல் ஊருக்குள் பழைய சாமான் கடையில் கிடக்கக் கண்டு மக்கள் கொதித்தெழுந்தார்கள். ஆலை மூடப்பட்டது. வேலை இழந்த தொழிலாளர்கள் ஒதுங்கவில்லை. சங்கமாகத் திரண்டு உயர்நீதிமன்றம் ஏறினார்கள். 2016இல் 591 பேருக்கு உதவித்தொகை தர இந்துஸ்தான் யூனிலீவர் உடன்பட்டது.

தோழர்களே! நாளை உங்கள் ஊருக்கு ஆலை வந்தால் கூலியை மட்டும் கேட்காதீர்கள். உள்ளே என்ன விஷம், கழிவு எங்கே போகும் என்றும் கேளுங்கள். சங்கமாய் நின்று கேளுங்கள்!