அடுக்களையைத் திருத்தி அமைக்கும் கலை



அறுபத்து நான்கு கலைகளை எண்ணி வைத்த நம் முன்னோர், சமையலுக்கும் அவற்றுள் ஒரு ஸ்தானம் கொடுத்தார்கள், வாஸ்து வித்தைக்கும் ஒரு ஸ்தானம் கொடுத்தார்கள்; ஆனால் இவ்விரண்டும் சந்திக்கிற அடுக்களையைப் பற்றி, அது அக்கினி மூலையில் அமைய வேண்டும் என்பதற்கு மேல் வீட்டுக்காரர்கள் இன்றும் அதிகமாக யோசிப்பதில்லை. திசையைப் பார்த்தாகிவிட்டதென்றால், அடுத்தபடியாகக் கல்லின் நிறத்தையும் அலமாரிக் கதவின் பளபளப்பையும் பார்க்கிறார்கள். பழைய அடுக்களையை இடித்துப் புதிதாக்க லட்சக்கணக்கில் செலவு செய்யத் துணிகிறவர்களுக்கு, அங்கே நின்று வேலை செய்கிறவரின் கையும் காலும் எப்படி இயங்குகின்றன என்று ஒரு காலைப்பொழுது கவனித்துப் பார்க்க மட்டும் அவகாசம் கிடைப்பதில்லை.

அந்தக் கவனிப்பை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கியவர், 1897-ஆம் ஆண்டு வியன்னாவில் பிறந்த மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் கட்டடக்கலை நிபுணர். முதல் உலக யுத்தத்துக்குப் பின் ஜெர்மனியில் குடியிருக்க வீடு கிடைக்காமல் ஜனங்கள் தவித்த காலத்தில், பிராங்பர்ட் நகரில் எர்ன்ஸ்ட் மை என்பவரின் தலைமையில் எழுந்த குடியிருப்புகளுக்காக 1926-இல் அந்த அம்மையார் வகுத்த அடுக்களை, ஏறக்குறைய 6 அடி அகலமும் 11 அடி நீளமுமே கொண்டது. ரயில் வண்டியின் உணவுப் பெட்டியில், கை நீட்டினால் எல்லாம் எட்டும்படியான சிறிய இடத்தில் அநேகம் பேருக்குச் சமைத்துவிடுகிறார்களே, அதையே முன்மாதிரியாகக் கொண்டு, ஒவ்வொரு வேலைக்கும் பிடிக்கிற நேரத்தையும் நடக்கிற தூரத்தையும் கணக்கிட்டு அதை அமைத்தார். மாவு வைக்க ஓக் மரத்தால் இழுப்பறை, அம்மரத்தைப் பூச்சி அண்டாது என்பதற்காக. அரிசிக்கும் சர்க்கரைக்கும் பெயர் பொறித்த அலுமினியப் பெட்டிகள், சாய்த்துக் கொட்டுவதற்கு மூக்கு வைத்தவை. ஜன்னலருகே உட்கார்ந்து காய் நறுக்க ஒரு சுழல் முக்காலி. நறுக்கிய கழிவை அப்படியே தள்ளிவிடப் பலகையிலேயே ஓர் இழுப்பறை. ஈ மொய்க்காது என்ற நம்பிக்கையில் எங்கும் நீலப்பச்சை வர்ணம். சுமார் 10,000 வீடுகளில் இவ்வடுக்களை பொருத்தப்பட்டது. இவ்வளவையும் யோசித்த அம்மையார், தாம் அதுவரையில் சமைத்ததே இல்லை என்று பிற்காலத்தில் சொன்னார் என்பது ரசமான விஷயம்.

சமைத்திருந்தால் அவ்வளவு குறுகலாகக் கட்டியிருக்க மாட்டாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அந்த அடுக்களையில் ஒருவர் தாராளமாக இயங்கலாம். இரண்டாமவர் நுழைந்தால் இருவருக்கும் சிரமம். நம் வீடுகளிலோ மாமியார் அரிசி களைய, மருமகள் தேங்காய் துருவ, காபி ஆயிற்றா என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்காரரும் வாசற்படியில் வந்து நிற்பார். ஆகையால் அந்த அம்மையாரின் முறையை நாம் சுவீகரித்துக்கொள்ளலாம், அளவை அல்ல.

அம்முறையை வைத்துக்கொண்டு நம் அடுக்களையைப் பார்ப்போம். மேடை சுவரோடு சுவராக எவ்வளவு நீளம் ஓடினாலும், மிக்ஸி ஒரு புறம், கிரைண்டர் ஒரு புறம், தண்ணீர்க் குடம், கவிழ்த்த பாத்திரங்கள் என்று எல்லாம் இடம் பிடித்துக்கொண்டபின், கறிகாய் நறுக்க ஒன்றரை அடி மிஞ்சினால் அதிகம். அதனால்தான் பல வீடுகளில் வெங்காயம் சாப்பாட்டு மேஜைக்குப் போய்விடுகிறது. அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு முழுப் பலகையின் அகலம் வெறுமையாக இருக்க வேண்டும் என்பதே திட்டத்தின் முதல் அம்சம். உயரம் அதற்கு அடுத்தது. நின்றபடி முழங்கையை மடக்கி, அதற்கு நாலைந்து அங்குலம் கீழே மேடை இருந்தால் நறுக்குவதற்குச் சௌகரியம். ஆனால் அதே மேடையின்மேல் அடுப்பு ஏறி, அடுப்பின்மேல் சாம்பார்க் குண்டானும் ஏறிவிட்டால், குள்ளமான பெண்மணிக்கு உள்ளே கொதிப்பது கண்ணுக்குத் தெரியாது. கரண்டியைத் தோளுக்கு மேல் தூக்கித்தான் துழாவ வேண்டும். அடுப்பு வைக்கும் பகுதியை மட்டும் நாலு அங்குலம் தாழ்த்திக் கட்டச் சொன்னால், மேடை ஒரே மட்டமாக இருந்தால்தான் அழகு என்று கொத்தனார் வாதம் செய்வார். அவர் வாதத்துக்கு இணங்கிவிடக் கூடாது.

கல்லைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புளியும் எலுமிச்சையும் பளிங்கை அரித்துத் தழும்பு உண்டாக்கும். கிரானைட்டை அவை ஒன்றும் செய்வதில்லை. தொட்டிக்குக் கீழே வைக்கும் அலமாரிக்கு மட்டும், நீரைத் தாங்கும் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பிளைவுட்டைக் கேட்டு வாங்குவது உத்தமம்.

காற்றைப் பற்றிய ஒரு விஷயம் பிராணனோடு சம்பந்தப்பட்டது. சிலிண்டரில் வரும் சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே எழும்பாமல் தரையோடு தங்கும். மேடைக்கடியில் அழகான கதவு போட்டு, அதற்குள் சிலிண்டரை அடைத்து வைத்துவிட்டு, மேலே பெரிய ஜன்னல் இருக்கிறது என்று திருப்தி அடைவதில் பிரயோஜனமில்லை. அக்கதவின் அடிப்பாகத்தில் காற்றுத் துவாரங்கள் இருந்தே ஆக வேண்டும், சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும்.

செலவைக் குறைக்க விரும்புகிறவர்கள் அடுப்பை எங்கு வேண்டுமானாலும் நகர்த்தலாம்; தொட்டியை நகர்த்துமுன் யோசிக்க வேண்டும். கழிவுநீர்க் குழாய்க்கு வாட்டம் வேண்டும். அதற்காகத் தரையை உடைத்தால் ஓடும் போகும், கூலியும் ஏறும். கிரைண்டருக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் மின்சார முனைகள் எங்கே என்று முன்கூட்டியே தீர்மானிக்காமல் சுவருக்கு ஓடு பதித்துவிட்டு, பின்பு அதையே குடைகிற வேடிக்கையும் எல்லா ஊரிலும் நடக்கிறது.

இத்தனையும் காகிதத்தில் சரியாக வந்தபின், வீட்டின் கூடத்தில் கோலப்பொடியால் புதிய அடுக்களையை முழு அளவில் வரைந்து, அடுப்பு இருக்கும் இடத்தில் ஒரு பலகையும் தொட்டி இருக்கும் இடத்தில் ஒரு வாளியும் வைத்து, சமைக்கிறவரையே இட்லிப் பாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அங்குமிங்கும் நடந்து பார்க்கச் சொல்லலாம். அதே சமயத்தில் இன்னொருவர் குளிர்பதனப் பெட்டியைத் திறப்பதுபோல் குறுக்கே நிற்கட்டும். இருவரும் இடித்துக்கொண்டால் கோட்டை அழித்து மறுபடி வரைய வேண்டும். கொத்தனாருக்கு அச்சாரம் கொடுப்பது அதற்குப் பிறகு.