ஒலி இணைப்பு: நம் குரல் மாணவர் காதுக்குப் போய்ச் சேர

(பாட ஒலிப்பதிவுப் பணியில் ஈடுபடும் ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2019-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கிய பிறகு, நம்மில் பலர் கேமராவின் முன் பாடம் நடத்தியிருக்கிறோம். படம் சற்று மங்கினாலும் பிள்ளைகள் பாடத்தைப் பின்தொடர்ந்துவிடுவார்கள். குரல் இரைந்தால் சில நிமிடங்களிலேயே கவனம் போய்விடும். பார்வைத்திறன் குறைந்த மாணவருக்கோ ஒலிதான் முழுப் பாடமும். ஆகவே கருவியின் பின்பக்கம் செருகும் வயரும் நம் கற்பித்தலின் ஒரு பகுதிதான்.

நான் அறிவியல் பட்டதாரி ஆசிரியர், ஒலிப்பொறியாளர் இல்லை. ஆண்டு விழா மைக் முதல் பாட ஒலிப்பதிவு வரை வயர்களோடு பழகியதில் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன்.

முதலில் அளவு. மைக்கிலிருந்து வருவது சில மில்லி வோல்ட் மட்டுமே. வீட்டு உபயோகக் கருவிகளின் லைன் அவுட் சுமார் 0.3 வோல்ட். ஒளிபரப்புக் கருவிகளின் லைன் அளவு சுமார் 1.23 வோல்ட். மைக்கை லைன் இன்புட்டில் செருகினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருக்கும். லைன் அவுட்டை மைக் இன்புட்டில் செருகினால் கரகரவென்று உடையும். உடைந்து பதிவான குரலைப் பிறகு கணினியில் சரிசெய்வது பெரும்பாடு. நம் பள்ளி ஆம்ப்ளிஃபயரில் கூம்பு ஸ்பீக்கருக்காக 100 வோல்ட் முனை இருக்கும். அதைப் பதிவுக் கருவியில் கொடுத்தால் கருவியே போய்விடும். லைன் அவுட் என்று எழுதியிருக்கும் துளையிலிருந்து மட்டுமே எடுங்கள்.

அடுத்து, எக்ஸ்.எல்.ஆர். எனப்படும் மூன்று முள் இணைப்பு. மைக் செட்காரர்கள் கேனன் என்பார்கள். இதில் 1-ஆவது முள் வயரைச் சுற்றியுள்ள கவச வலைக்கு. 2-ஆவது முள்ளில் ஒலிச்சைகை நேராகவும், 3-ஆவது முள்ளில் அதுவே தலைகீழாகவும் செல்லும். பெறும் கருவி ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும். முழுக்களின் கழித்தலை நடத்தும் கணித ஆசிரியருக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. சைகை +5, −5 என்று கொள்வோம். கழித்தால் 10. வழியில் மின்விசிறி வயரிலிருந்து 2 அளவு இரைச்சல் இரண்டிலும் சேர்ந்தால் +7, −3 ஆகும். இப்போது கழித்தாலும் 10 தான். இரைச்சல் காணாமல் போய்விட்டது. இதைத்தான் பேலன்ஸ்டு இணைப்பு என்கிறார்கள். நீண்ட வயருக்கு இதுவே ஏற்றது.

இதே கணக்கு நம்மை ஏமாற்றுவதும் உண்டு. ஒரு பயிற்சி மையத்தில் மடிக்கணினியின் ஹெட்போன் துளையிலிருந்து நேராக மிக்சரின் மூன்று முள் இன்புட்டுக்கு வயர் கொடுத்திருந்தார்கள். பின்னணி இசை கேட்டது. ஆசிரியர் குரல் மட்டும் இல்லை. எல்லோரும் ஸ்பீக்கரைக் குறை சொன்னார்கள். காரணம் வேறு. ஹெட்போன் துளையில் இடது, வலது என இரண்டு சைகைகள். குரல் இரண்டிலும் ஒரே அளவில் இருக்கும். கழித்தால் 5 − 5 = 0. கணினியில் மோனோ என்று மாற்றினால் இசையும் மறைந்துவிடும். இரண்டையும் தலா ஒரு கிலோ ஓம் மின்தடை வழியாகச் சேர்த்து எடுப்பதோ, ஸ்டீரியோ டி.ஐ. பாக்ஸ் பயன்படுத்துவதோதான் வழி.

மூன்று முள் அவுட்டிலிருந்து சாதாரண ஆர்.சி.ஏ. துளைக்குக் கொடுக்கும்போது 2-ஆவது முள் நடுப்பின்னுக்கும், 1-ஆவது முள் வெளிவளையத்துக்கும் போகும். 3-ஆவது முள் கருவியைப் பொறுத்தது. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள அவுட்டாக இருந்தால் 1-உடன் இணைக்க வேண்டும். பல மின்னணு அவுட்டுகளில் தனியே விட்டுவிட வேண்டும். கையேட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். மைக் இன்புட்டில் 48 வோல்ட் என்ற பொத்தான் இருந்தால், வேறு கருவியைச் செருகும் முன் அதை அணைத்துவிடுங்கள்.

மிக முக்கியமானதற்கு வருகிறேன். "ம்ம்ம்" என்ற 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் நம் எல்லோருக்கும் பழக்கமானது. இரண்டு கருவிகள் வெவ்வேறு அறை பிளக்கில் இருந்தால், எர்த் வழியாகவும் ஒலி வயரின் கவச வலை வழியாகவும் ஒரு சுற்று உருவாகி இந்த ரீங்காரம் வரும். இதைப் போக்க, பிளக்கின் தடித்த எர்த் பின்னைக் கழற்றிவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. ரீங்காரம் நின்றுவிடும், பாதுகாப்பும் அதோடு போய்விடும். உள்ளே மின்கசிவு ஏற்பட்டால் ஆம்ப்ளிஃபயரின் உலோக உடல் மட்டுமல்ல, வயர் வழியே மைக்கும் 230 வோல்ட்டில் நிற்கலாம். மழை பெய்த மறுநாள், ஈர மண்ணில் வெறுங்காலோடு ஒரு குழந்தை காலை வழிபாட்டில் திருக்குறள் சொல்ல அந்த மைக்கைப் பிடிக்கும். அதை நினைத்தால் போதும்.

எர்த்தைத் தொடாமலே ரீங்காரத்தைப் போக்கலாம். எல்லாக் கருவிகளையும் ஒரே சுவிட்ச் போர்டிலிருந்து இயக்குங்கள். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ரீங்காரம் நின்றால் காரணம் தெரிந்துவிடும். அதன்பிறகும் தேவைப்பட்டால், ஒலி வயரில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் பொருத்துங்கள். அது ஒலியை விடும், சுற்றைத் துண்டிக்கும்.

பதிவு நாளன்று ஒலியளவைக் குறைத்துவிட்டு வயரைச் செருகுங்கள். பிறகு மெல்ல உயர்த்துங்கள். ஒரு நிமிடம் பேசிப் பதிந்து, இயர்போனில் கேட்டுவிட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள். எந்த வயர் எங்கே போகிறது என்று ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி வையுங்கள். பத்தாம் வகுப்பில் ஒலியியல் நடத்தும்போது அந்த வயர்களையே மாணவர்களிடம் காட்டலாம்.

நாளை பள்ளிக்குப் போனதும் முதல் வேலையாக உங்கள் ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைப் பாருங்கள். மூன்று பின்களும் இருக்கின்றனவா? இல்லையென்றால், மின்பணியாளரை அழைத்துச் சரிசெய்த பிறகே மைக்கை மாணவர் கையில் கொடுங்கள்.