வேட்டி கட்டி வந்த தூதுவர்

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் மின்பொறியியலாளரான பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சின் போக்கு மாறாமல் இங்கே தரப்படுகிறது.)



என்ன பேசுவது என்பதைச் சங்கத்தார் என்னிடமே விட்டுவிட்டார்கள். மின்பொறியியலாளன் என்றபடியால் மின்சாரத்தைப் பற்றித்தான் பேசுவான் என்று நினைத்திருப்பார்கள். மின்சாரமும் வரும். ஆனால் அது ஒரு வேட்டியோடு சேர்ந்து வரும். பொறுமையாகக் கேளுங்கோ.

2021ஆம் ஆண்டு டிசம்பர் நடுப்பகுதியில், இலங்கைக்கான சீனத் தூதுவராக இருந்த சீ சென்ஹொங் வடக்கு மாகாணத்துக்கு மூன்று நாள் பயணமாக வந்தார். நல்லூர்க் கந்தசுவாமி கோவிலுக்கு வேட்டி கட்டி, மேலாடை இல்லாமல், எங்கள் வழக்கப்படியே போய்க் கும்பிட்டார். யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் போனார். கடற்றொழிலாளர்களுக்கு வலைகளும் உலர் உணவுப் பொதிகளும் கொடுத்தார். மன்னார்ப் பக்கம் போய், படகில் ஏறி, இராமர் பாலம் என்று சொல்லப்படும் மணல்திட்டுகளையும் பார்த்துவிட்டுத் திரும்பினார். வேட்டியோடு நின்ற படம் கொழும்பிலும் சென்னையிலும் டில்லியிலும் பத்திரிகைகளில் வந்தது.

சிலர் சிரித்தார்கள். சிலர் கோபப்பட்டார்கள். "வந்த விருந்தாளிதானே, விடுங்கோ" என்றார்கள் வேறு சிலர். மூன்று பக்கத்திலும் நியாயம் இருந்தது. அந்தப் பயணத்தை நான் இங்கே எடுப்பதற்குக் காரணம், உங்களை விரும்பாத ஊருக்கு ஒருவர் வரும்போது அந்த ஊர் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. எங்கள் மண்ணில் அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வரப்போகிறது.

முதலில், அவருக்கு இது ஏன் நட்பில்லாத ஊர்?

போர்க்காலத்தில் இலங்கை அரசுக்கு ஆயுதம் கொடுத்த முக்கியமான நாடுகளில் சீனா ஒன்று. எங்கள் தலைக்கு மேலே பறந்த எஃப்-7 விமானங்கள் சீனத் தயாரிப்பு. போர் முடிந்த பிறகு, ஜெனீவா மனித உரிமைப் பேரவையில் 2012இலும் 2021இலும் இலங்கை தொடர்பான தீர்மானங்கள் வந்தபோது சீனா எதிர்த்து வாக்களித்தது. 2021 மே மாதம், சீன உதவியோடு சட்டமா அதிபர் திணைக்களத்தில் அமைக்கப்பட்ட மின்நூலகத்தின் பெயர்ப்பலகையில் சிங்களமும் ஆங்கிலமும் சீனமும் இருந்தன, தமிழ் இருக்கவில்லை. எதிர்ப்பு வந்த பிறகு அந்தப் பலகையைக் கழற்றினார்கள். அதே ஆண்டு பூநகரிப் பக்கம் கௌதாரிமுனையில், சீனத் தொடர்புள்ள கடலட்டைப் பண்ணை ஒன்று வந்துவிட்டது என்று ஊர்க் கடற்றொழிலாளர்கள் எதிர்த்து நின்றார்கள்.

இவ்வளவையும் சுமந்துகொண்டிருந்த ஊருக்குத்தான் அவர் வந்தார். எங்கள் ஊரின் நினைவுக்கு மறதி குறைவு. 1981இல் எரிந்த நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கட்டடத்துக்குள் வருகிற எந்த விருந்தாளியையும் "இவர் யாருடைய ஆள்?" என்று பார்த்துத்தான் நாங்கள் கைகூப்புவோம். அதில் தவறும் இல்லை.

சரி, அவர் ஏன் வந்தார்? இங்கேதான் மின்சாரம் வருகிறது.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் பெருநிலத்தின் மின்வலையமைப்போடு இணையாத தீவுகள். அப்போது டீசல் மின்பிறப்பாக்கிதான் கதி. எண்ணெயைப் படகில் கொண்டுபோக வேண்டும், கடல் கொந்தளித்தால் அதுவும் கஷ்டம். வெய்யிலும் காற்றும் இலவசமாகக் கொட்டுகிற தீவில், விலை கொடுத்து எண்ணெய் ஏற்றி எரிப்பது கணக்குக்குச் சரிவராத வேலை. அதனால் சூரியகலம், காற்றாலை, மின்கலத் தொகுதி, அவசரத்துக்கு டீசல் என்று நான்கையும் சேர்த்த கலப்பு மின்திட்டம் ஒன்று ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் திட்டமிடப்பட்டது. 2021 ஜனவரியில் அமைச்சரவை அதை ஒரு சீன நிறுவனக் கூட்டுக்குக் கொடுக்கத் தீர்மானித்தது.

உடனே இந்தியா ஆட்சேபம் தெரிவித்தது. மூன்று தீவுகளும் தமிழ்நாட்டுக் கரைக்கு அண்மையில் உள்ளவை. அங்கே சீனர் வந்து நிற்பதை டில்லி விரும்பவில்லை. 2021 டிசம்பர் தொடக்கத்தில், "மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலை" காரணமாகத் திட்டம் நிறுத்தப்படுகிறது என்று கொழும்பிலுள்ள சீனத் தூதரகம் அறிவித்தது. அதே நிறுவனம் மாலைதீவில் 12 தீவுகளுக்குச் சூரியமின் திட்டம் ஒப்பந்தம் செய்திருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னது. அந்த அறிவிப்புக்கு இரண்டு கிழமை கழித்துத்தான் தூதுவர் வேட்டி கட்டினார்.

இப்போது அந்தப் படத்தைத் திரும்பப் பாருங்கோ. ஒரே படம் மூன்று பேருக்காக எடுக்கப்பட்டது. ஒன்று எங்களுக்கு: "உங்கள் வழக்கத்தை மதிக்கிறேன்". இரண்டாவது கொழும்புக்கு: "வடக்கிலும் எனக்கு வழி உண்டு". சேதன உர இறக்குமதிப் பிணக்கால் சீனாவுக்கும் கொழும்புக்கும் இடையில் மனக்கசப்பு இருந்த காலம் அது. மூன்றாவது டில்லிக்கு. இல்லாவிட்டால் மணல்திட்டைப் பார்க்கப் படகு ஏறத் தேவையில்லை. வலை கொடுத்ததிலும் கெட்டித்தனம் இருந்தது. எங்கள் கடற்றொழிலாளர்களுக்குப் பெரிய தலையிடி இந்திய இழுவைப் படகுகள். அந்தப் படகுகளால் வலை அறுந்தவனுக்கு இன்னொரு நாடு வலை கொடுத்தால், அதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

இதெல்லாம் இராஜதந்திரத்தின் இயல்பு. அதைக் குற்றமாக நான் சொல்லவில்லை. பிடிக்காத ஊருக்கு வந்து, முகம் கொடுத்து நிற்பதற்கும் ஒரு துணிவு வேண்டும். கொழும்பில் இருந்துகொண்டே அறிக்கை விடுகிறவரைவிட, வந்து பார்க்கிறவர் மேல். வராத ஆளிடம் கேள்வி கேட்க முடியாது. வந்த ஆளிடம் கேட்கலாம்.

ஆனால் கேட்டோமா? அதுதான் என்னைக் குடைகிற விஷயம்.

மூன்று தீவுத் திட்டத்தின் மிச்சக் கதையைக் கேளுங்கோ. 2022 மார்ச்சில் அதே திட்டத்தை இந்தியா நன்கொடையாகச் செய்வதற்குப் புரிந்துணர்வு உடன்படிக்கை கையெழுத்தானது. ஏறத்தாழ 11 மில்லியன் டொலர். 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் செய்யப்பட்டது. சூரியமின் 1,700 கிலோவாற், காற்றாலை 530 கிலோவாற், மின்கலம் 2,400 கிலோவாற் மணி, காத்திருப்பு டீசல் 2,500 கிலோவாற். கடன் நன்கொடையாக மாறியது நல்லதுதான். ஆனால் 2021 ஜனவரியில் கொடுக்கத் தீர்மானித்த வேலை, ஒப்பந்தமாக மாற 2024 மார்ச் ஆகிவிட்டது. மூன்று வருஷத்துக்கு மேல். இந்தக் காலம் முழுக்கக் கொழும்பு பேசியது, டில்லி பேசியது, பெய்ஜிங் பேசியது. நெடுந்தீவுச் சனம் பேசியது எங்கேயும் பெரிதாகக் கேட்கவில்லை. 2022இல் எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்றபோது, டீசலை நம்பியிருந்த தீவின் நிலைமையை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டுமென்றில்லை.

யானைகள் மோதும்போது புல்லுக்குச் சேதம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் புல்லுக்கு வாய் இல்லை. எங்களுக்கு இருக்கிறது.

வாய் திறந்தால் நடக்கும் என்பதற்கும் எங்களிடமே உதாரணம் உண்டு. 2016 அளவில், போரால் வீடிழந்தவர்களுக்கு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் தர வெளிநாட்டு நிறுவனம் ஒன்று முன்வந்தது. எங்கள் பொறியியலாளர்களும் பொருளியல் தெரிந்தவர்களும் சமூக ஆர்வலர்களும் கூடி இருந்து கணக்குப் போட்டார்கள். எங்கள் வெப்பத்துக்கு இது சரிவருமா, பிறகு ஒரு அறை கூட்டிக் கட்ட முடியுமா, திருத்த ஊர் மேசனால் முடியுமா, இதே காசில் எத்தனை கல்வீடு கட்டலாம் என்று எழுத்தில் கேட்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது. 2018இல் சீன நிறுவனம் ஒன்றுக்கு 40,000 கொங்கிறீற் வீடுகள் கட்டும் வேலை கொடுக்கப்பட்டது. சனம் "எங்களுக்குக் கல்வீடுதான் வேண்டும்" என்று நின்றது. அதே ஆண்டு ஒக்ரோபரில் அரசாங்கம் அதை மாற்றி, 28,000 வீடுகளை வேறு நிறுவனங்களுக்குக் கொடுக்கத் தீர்மானித்தது.

வித்தியாசத்தைக் கவனியுங்கள். வீட்டு விஷயத்தில் எங்களிடம் ஒரு விவரக்குறிப்பு இருந்தது. என்ன வேண்டும், ஏன் வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. தீவு மின்சாரத்தில் அந்தத் தாள் எங்கள் கையில் இருக்கவில்லை. அதனால் மற்றவர்கள் தங்கள் தாளை வைத்துப் பேசினார்கள்.

என்னுடைய தொழிலில் ஒரு பாடம் உண்டு. வாங்குகிறவன் விவரக்குறிப்பு எழுதாவிட்டால் விற்கிறவன் எழுதுவான். நன்கொடைக்கும் அதுவே விதி. ஆகவே எந்த நாட்டுத் தூதுவர் வந்தாலும், மாலையோடு சேர்த்து நான்கு கேள்விகளும் தயாராக இருக்கட்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

முதலாவது: இதைக் கேட்டது யார்? பயன்படுத்தப் போகிறவர்களோடு பேசினீர்களா?

இரண்டாவது: நீங்கள் போன பிறகு இதை நடத்தப் போவது யார்? உதிரிப்பாகம் எங்கிருந்து வரும்? எங்கள் பிள்ளைகள் எத்தனை பேருக்குப் பயிற்சி?

மூன்றாவது: கையேடும் அறிவித்தலும் எந்த மொழியில்? பெயர்ப்பலகையில் தமிழ் இல்லாததற்காகக் கோபப்பட்டோம், சரி. நள்ளிரவில் இயந்திரம் நின்றால் தீவில் இருக்கிற இயக்குநர் வாசிக்க வேண்டிய கையேட்டில் தமிழ் இல்லாவிட்டால், அது அதைவிடப் பெரிய விஷயம்.

நான்காவது: இடையில் நின்றுபோனால் எங்களுக்குப் பதில் சொல்வது யார்?

இந்தக் கேள்விகள் சீனாவுக்கு மட்டுமல்ல. இந்தியா எங்களுக்கு நெருங்கிய உறவு. மலையகத்தையும் சேர்த்து 50,000 வீட்டுத்திட்டம், 2014இல் திரும்ப வந்த யாழ்தேவிப் பாதை, பொது நூலகத்துக்கு அருகிலேயே எழுந்த கலாசார மண்டபம் எல்லாம் கண்முன்னே நிற்கின்றன. நன்றி மறக்கக் கூடாது. அதற்காக இழுவைப் படகைப் பற்றிக் கேட்காமல் இருக்கவும் முடியாது. ஜெனீவாவில் 2009இல் இலங்கைக்குச் சார்பான தீர்மானத்துக்குச் சீனாவைப் போலவே இந்தியாவும் வாக்களித்தது என்பதையும் நாங்கள் அறிவோம். உறவினரிடம் கேட்கிற கேள்வியைப் பிறத்தியாரிடமும், பிறத்தியாரிடம் கேட்கிறதை உறவினரிடமும் ஒரே குரலில் கேட்கப் பழக வேண்டும். அப்போதுதான் எங்களை மதிப்பார்கள்.

"தூதுவர் வந்தால் கறுப்புக் கொடி காட்டுவதா, பூமாலை போடுவதா?" என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டிலும் படம் எடுத்துக்கொண்டு அவர் போய்விடுவார். எதிர்ப்பைக் காட்ட வேண்டிய இடத்தில் காட்டத்தான் வேண்டும், அது சனத்தின் உரிமை. ஆனால் அதோடு நின்றுவிட்டால் அடுத்த நாள் எங்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது. அவர் திரும்பிப் போய்த் தன் தலைநகருக்கு எழுதும் அறிக்கையில், "அங்கே வரவேற்பு நன்று" என்ற ஒரு வரி மட்டும் இருந்தால் நாங்கள் தோற்றுவிட்டோம். "அங்கே இந்த நான்கையும் கேட்டார்கள், என்னிடம் பதில் இல்லை" என்று ஒரு வரி சேர்ந்தால், அந்தப் பயணத்தால் எங்களுக்கும் பலன் உண்டு.

தம்பி தங்கைகளே, இதை உங்களிடம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மடிக்கணினி கொடுக்க, புலமைப்பரிசில் கொடுக்க, அடிக்கல் நாட்ட என்று விருந்தாளிகள் பள்ளிக்கூடங்களுக்கும் வருவார்கள். வரிசையில் நின்று கொடியசைக்க உங்களைக் கூப்பிடுவார்கள். அசையுங்கோ, மரியாதையில் குறை வைக்காதையுங்கோ. ஆனால் உங்களில் இரண்டு பேராவது எழும்பி, பணிவாக ஒரு கேள்வி கேளுங்கோ. அதற்கு முதல் நாள் நூலகத்தில் இருந்து படித்துவிட்டுக் கேளுங்கோ. கணக்குத் தெரிந்த கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்புவது கஷ்டம்.

பழைய மாணவ நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்களுக்குள் பொறியியலாளர் இருக்கிறார்கள், வைத்தியர், சட்டத்தரணி, கணக்காளர் இருக்கிறார்கள். ஊருக்கு வரும் ஒவ்வொரு திட்டத்துக்கும் இரண்டு பக்கத்தில் ஒரு விவரக்குறிப்பு எழுதிப் பிரதேச சபையிடமும் பத்திரிகைக்கும் கொடுக்க இந்தச் சங்கத்தால் முடியும். மின்சாரம் சம்பந்தப்பட்டதை எழுத நான் தயார். மிச்சத்தை எழுத யார் முன்வருகிறீர்கள் என்பதைத் தேநீர் இடைவேளையில் வந்து சொல்லுங்கோ, பெயர் எழுதக் கொப்பி கொண்டுவந்திருக்கிறேன்.