இடிப்பதற்கு முன் பழுது பார்க்கலாமே!

பிரிக்பீல்ட்ஸ் என்றால் இன்று வளைவும் நீரூற்றும் நினைவுக்கு வரும். 2010 அக்டோபரில் அங்கே லிட்டில் இந்தியா திறக்கப்பட்டபோது இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கே வந்திருந்தார். தெரு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மக்கள் குடியிருப்பது தெருவில் அல்லவே!

பிரிக்பீல்ட்ஸ் தொடங்கி கிள்ளான் வரை பழைய தனியார் அடுக்குமாடிகளில் ஏறி இறங்கியவர்களுக்கு நிலைமை தெரியும். ஓடாத மின்தூக்கி, ஒழுகும் தண்ணீர்த் தொட்டி, பெயர்ந்து விழும் சுவர்ப்பூச்சு. 25,000 வெள்ளி மலிவு விலை வீடுகளைத் தோட்டத்தை விட்டு வந்த நம்மவர்கள் பலர் சேமநிதிப் பணத்தைப் போட்டு வாங்கினார்கள். அவர்களுக்கு வேறு சொத்து கிடையாது.

இந்த வீடுகள் எப்படிச் சீரழிகின்றன? நூறு வீடுகளில் நாற்பது வீட்டார் பராமரிப்புக் கட்டணம் கட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். மின்தூக்கி நின்றுவிடும். வசதியுள்ளவர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வெளியேறுவார். வாடகைக்கு வந்தவருக்குக் கட்டடத்தின் மேல் அக்கறை இராது. “அவன் கட்டவில்லை, நான் ஏன் கட்ட வேண்டும்?” என்று அடுத்த பத்துப் பேரும் நிறுத்துவார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2015 ஜூன் முதல் தேதி நடப்புக்கு வந்த 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி, கட்டணம் கட்டாதவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ விதிக்க முடியும். ஊராட்சி மன்றங்களில் கட்டட ஆணையர் இருக்கிறார். ஐந்து மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களைப் பத்தாண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்கச் சொல்லும் அதிகாரமும் மன்றங்களுக்கு உண்டு. 1993இல் ஹைலண்ட் டவர்ஸ் சரிந்து 48 பேர் மாண்ட நாட்டில் இது சாதாரண விஷயமல்ல.

ஆனால் ஓய்வூதியம்கூட இல்லாத மூதாட்டியைச் சிறைக்கு அனுப்பினால் மின்தூக்கி ஓடுமா? கட்ட முடியாதவர் வேறு, கட்ட மனமில்லாதவர் வேறு. முன்னவருக்குத் தவணையும் உதவியும் வேண்டும். சிலாங்கூர் அரசின் செரியா திட்டம் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குச் சாயம் பூசவும் மின்தூக்கியைப் பழுது பார்க்கவும் உதவியது. நல்ல காரியம்தான். ஆனால் மாதக் கட்டணம் வசூலாகாத இடத்தில் புதுச் சாயம் எத்தனை நாளைக்கு?

வெளியூரில் இருந்துகொண்டு வாடகையை மட்டும் வாங்குபவரை என்ன செய்வது? ஸ்காட்லாந்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கிளாஸ்கோவின் பழைய கல் கட்டடங்களிலும் ஒரே கூரைக்குப் பல உரிமையாளர்கள். மற்றவர்கள் பழுது பார்க்க முடிவெடுத்து, ஒருவர் மட்டும் பங்கு தராமலிருந்தால், 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மன்றமே அந்தப் பங்கைக் கட்டலாம். பிறகு அதை அந்த வீட்டின் மேல் கடனாகப் பதிந்து வசூலிக்கலாம். வீட்டை விற்றாலும் கடன் தப்பாது.

இங்கே மன்றங்கள் மதிப்பீட்டு வரியை ஆண்டுக்கு இருமுறை வசூலிக்கின்றன. அந்தக் கணக்கிலேயே இந்தக் கடனையும் சேர்த்தால் என்ன? அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டும், ஒரு சுழல்நிதியும் வேண்டும். திரும்பி வரும் பணம் அடுத்த கட்டடத்துக்குப் போகும்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்த நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதா வேறு வழியைச் சொன்னது. 30 ஆண்டைத் தாண்டிய கட்டடமாயின் 75 விழுக்காட்டு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். மறு மேம்பாட்டுக்கு விடலாம். எதிர்ப்பும் பலமாகவே எழுந்தது. உண்மையிலேயே ஆபத்தான கட்டடத்தை இடிக்கத்தான் வேண்டும். ஆனால் பத்தாண்டுகளாகப் பழுது பார்க்காமல் விட்டு, பிறகு ‘பழசாகிவிட்டது’ என்று கையெழுத்துக் கேட்பது நியாயமா? கே.எல். சென்ட்ரல் பக்கத்திலேயே இருப்பதால் பிரிக்பீல்ட்ஸ் நிலத்தின் மேல் எல்லாருக்கும் கண். சம்மதிக்காத கால்வாசிப் பேருக்குக் கொடுக்கும் பணத்தில், கோயிலும் தமிழ்ப்பள்ளியும் நடக்கும் தூரத்தில் இருக்கும்படி அதே வட்டாரத்தில் வீடு வாங்க முடியுமா என்பதை மேம்பாட்டாளர் முதலில் எழுத்தில் காட்டட்டும்.