பெயரில் இருக்கிறது நாடு



நம் மூத்தவரின் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் இந்தப் பேருரைக்கு இம்முறை மலையை எடுத்துக்கொண்டோம். சேரியில் ஆயிரம் வழக்கு இருக்க மலை எதற்கு என்று கேட்ட தோழர்களும் உண்டு. சேலத்திலும் நாமக்கல்லிலும் தலை நிமிர்ந்தால் சேர்வராயன், கொல்லி, கல்வராயன், போதமலை. அங்கே வாழ்கிற மலையாளிப் பழங்குடிகள் கேரளத்தவர் அல்லர். தமிழ் பேசுகிற மலைவாசிகள். தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை ஏற்காடும் சேந்தமங்கலமும் மட்டுமே. இரண்டும் நம் மாவட்டங்களில் இருக்கின்றன. இது பக்கத்து வீட்டு வழக்கு.

கொல்லிமலை ஒன்றியத்தின் 14 ஊராட்சிகளின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு, திருப்புளி நாடு. எல்லாமே நாடு. ஊர்க்கவுண்டர், பட்டக்காரர் என்று மூத்தவர்கள் உட்கார்ந்து தங்கள் வழக்கைத் தாங்களே தீர்த்துக்கொண்ட எல்லைகள் இவை. வல்வில் ஓரிக்கு ஆடியில் அரசு விழா எடுக்கிறது. ஓரியின் மலையில் இன்று ஒரு நாட்டுக்குள்ள அதிகாரம், சமவெளியில் எந்த ஊராட்சிக்கும் உள்ள அதிகாரம்தான்.

காரணம் ஒரு பட்டியல். சென்னை மாகாணத்தில் வெள்ளையர் தனியாக வைத்திருந்த மலைப்பகுதிகள் கஞ்சம், விசாகப்பட்டினம், கோதாவரிப் பக்கம் இருந்தன. அவை ஒரிசாவுக்கும் ஆந்திரத்துக்கும் போயின. நம் மலைகள் அந்தப் பட்டியலில் இல்லை. அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையிலும் ஏறவில்லை. இன்று 10 மாநிலங்களில் அட்டவணைப் பகுதிகள் உண்டு, தமிழ்நாட்டில் ஓர் ஏக்கர்கூட இல்லை. அதனால் 1996ஆம் ஆண்டின் பெசா சட்டமும் நம் மலை ஏறவில்லை.

இதனால் என்ன நட்டம்? ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் வெட்ட வேதாந்தா குழுமம் முனைந்தபோது, கிராம சபைகளைக் கேளுங்கள் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 12 சபைகள் கூடின, பன்னிரண்டும் மறுத்தன. கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் வெட்டிய பாக்சைட் மேட்டூர் மால்கோ ஆலைக்குப் போனது. 1990களின் நடுவில் அந்த ஆலையும் அதே குழுமத்தின் கைக்கு வந்தது. இங்கே அப்படியொரு கேள்வி எந்த நாட்டின் முன்னும் வைக்கப்படவில்லை.

அதிகார வரம்பு என்பது வக்கீல்கள் சொல் என்று நினைக்கிறோம். வாச்சாத்தியை நினையுங்கள். 1965 வரை நம் சேலம் மாவட்டமாக இருந்த தர்மபுரிப் பகுதியில், 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஒரு மலையாளிக் கிராமத்துக்குள் நுழைந்தன. 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வர 2011 ஆயிற்று. அமெரிக்காவில் கிரீக் பழங்குடியின் நிலத்தில் பழங்குடியினர் செய்த பெருங்குற்றத்தை மாநிலம் விசாரிக்க முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 2020இல் சொன்னது. அங்கே யாருடைய நீதிமன்றம் என்பது வழக்கு. வாச்சாத்திக்கு ஏதோ ஒரு நீதிமன்றம் பதில் சொல்லவே 19 ஆண்டுகள்.

இனி நமக்குள் ஒரு பேச்சு. ஊர்க்கட்டுப்பாடு, நாட்டாமை என்ற சொற்கள் நம் காதில் எப்படி விழும் என்பது தெரிந்ததே. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தின் முகமூடியை அண்ணல் கிழித்தார். அதே சபையில், பழங்குடிகளுக்கு ஜனநாயகத்தை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை என்ற பொருளில் ஜெய்பால் சிங் முண்டா பேசினார். இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடு என்றால் நம்மால் ஆகாது. பட்டக்காரர் முன் ஒரு பெண் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னதாக நாம் கேள்விப்பட்டதில்லை; மலை என்பதற்காக அதைக் கண்டுகொள்ளாமல் இருக்கவும் மாட்டோம்.

ஆனால் 2006 வன உரிமைச் சட்டத்தின் கிராம சபை வேறு. அதன் விதிப்படி பாதிப்பேராவது கூட வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். உரிமை கோரும் மனுக்களை முதலில் எடுக்கும் அதிகாரம் அந்தச் சபைக்கே. இந்தச் சட்டத்துக்கு அட்டவணைப் பகுதி தேவையில்லை, கொல்லிமலைக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் 2008இல் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டா வழங்குவது நின்றது, 2016இல்தான் தடை விலகியது. இழந்த எட்டு ஆண்டுகளுக்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

ஒரு நாட்டுக்குள் பல சிற்றூர்கள், ஒன்றுக்கொன்று மேடும் பள்ளமுமான நடை. சபையோ ஓரிடத்தில் கூடுகிறது. சபையைச் சிற்றூருக்குக் கொண்டுபோங்கள் என்பது நம் முதல் கோரிக்கை. இந்த மலைகளை ஐந்தாம் அட்டவணையில் சேர்க்க மாநில அரசு தில்லியிடம் கேட்க வேண்டும் என்பது இரண்டாவது. இவ்வுரை அச்சானதும் ஏற்காடு, சேந்தமங்கலம் சட்டமன்ற உறுப்பினர்கள் இருவரிடமும் ஆளுக்கொரு படி கொடுக்கிறோம். பிறகு 14 நாடுகளுக்கும்.