எஃகின் பெயரும் எஃகின் குணமும்: மோட்டார் சைக்கிள் கழுத்துக்கு ஏற்ற உலோகம்



மொழிக்கென அமைந்த மேடையில் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. 1886ஆம் ஆண்டில் கோலாலம்பூரையும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவையும் இணைத்து இருப்புப்பாதை திறக்கப்பட்டது. பின்னர்ப் பிரிக்பீல்ட்சில் இரயில்வே ஊழியர்களாகக் குடியேறிய தமிழர் பலர். செந்தூல் இரயில்வே பட்டறையில் இரும்போடு பழகியவர்களும் பலர். அந்தக் கைகள் உணர்ந்த வேறுபாடுகள் நம் பேச்சில் முழுமையாக வந்து சேரவில்லை. இரும்பையும் எஃகையும் 'பெசி' என்னும் ஒரே மலாய்ச் சொல்லில் அடக்கிவிடுகிறோம். சற்று உயர்ந்ததாயின் 'பலமான பெசி' என்கிறோம். இந்தச் சொல் உயிர் காக்கும் இடத்தில் போதுமானதா என்பதே என் கேள்வி.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓர் இளைஞர் தம் விருப்பப்படி ஒரு மோட்டார் சைக்கிள் சட்டத்தைக் கட்ட முனைகிறார் என்று கொள்வோம். சட்டத்தின் முகப்பில், முன்சக்கரத்தைத் தாங்கும் கவையின் தண்டு நுழைந்து திரும்பும் குறுங்குழாய் ஒன்று உண்டு. பட்டறையில் அதனை 'நெக்' என்பர். நாம் கழுத்து என்போம். அதன் இரு முனைகளிலும் தாங்கிகள் அமர்கின்றன.

வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து 200 கிலோகிராம் எனக் கொள்வோம். முன் பிரேக்கை ஓரளவு அழுத்தினாலே தரைமட்டத்தில் 1000 நியூட்டன் விசை பின்னோக்கி எழும். கழுத்து தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரத்திலும், தாங்கிகள் 16 சென்டிமீட்டர் இடைவெளியிலும் இருப்பின், நெம்புகோல் விதிப்படி ஒவ்வொரு தாங்கியிலும் அவ்விசை ஐந்து மடங்காகும். ஏறக்குறைய 500 கிலோகிராம் எடைக்கு நிகரான இழுபறி, பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அங்கே நிகழ்கிறது. கழுத்து முறிந்தால் முன்சக்கரமும் கைப்பிடியும் சட்டத்தைவிட்டு விலகும். பிறகு ஓட்டுநர் செய்யக்கூடியது எதுவுமில்லை.

அப்படியானால் மிகப் பலமான எஃகைத் தேர்ந்தெடுத்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் சொற்கள் நமக்கு உதவ வேண்டும். வலிமை என்பது எவ்வளவு விசையைத் தாங்கும் என்பது. விறைப்பு என்பது எவ்வளவு குறைவாக வளையும் என்பது. கடினம் என்பது கீறலையும் தேய்வையும் எதிர்ப்பது. முறியாமை என்பது அதிர்ச்சியை உள்வாங்கி, வளைந்தேனும் ஒடியாதிருப்பது. அரம் மிகக் கடினமானது. சம்மட்டியால் அடித்தால் ஒடியும். சாதாரண ஆணி வளையும், எளிதில் ஒடியாது. இந்நான்கும் 'பலம்' என்னும் ஒரு சொல்லில் கலந்துவிட்டால் தேர்வு பிழைபடும்.

பட்டறைகளில் இரு வகை எஃகு பெரிதும் பேசப்படும். அமெரிக்க எண்முறையில் ஒன்று 1020, மற்றொன்று 4130. கடைசி இரு இலக்கங்கள் கரிமத்தின் அளவைக் குறிப்பன: முன்னதில் ஏறத்தாழ 0.20 விழுக்காடு, பின்னதில் 0.30 விழுக்காடு. 4130இல் குரோமியமும் மாலிப்டினமும் சேர்ந்திருப்பதால் அது வலிமையில் மேம்பட்டது. ஆயினும் விறைப்பில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. எஃகு வகைகள் பெரும்பாலும் 200 கிகாபாஸ்கல் அளவிலேயே நிற்கின்றன. விலை கூடிய எஃகை வாங்கியதனால் மட்டும் கழுத்து குறைவாக வளையும் என்பதில்லை.

மேலும், தாங்கிகளுக்கு இருக்கை கடைய வேண்டியிருப்பதால் கழுத்தின் சுவர் எப்படியும் தடிமனாகவே இருக்கும். தடித்த 4130ஐப் பற்றவைத்தால், சுற்றியுள்ள குளிர்ந்த உலோகம் வெப்பத்தை விரைந்து உறிஞ்சிக்கொள்ளும். பற்றின் ஓரம் கடினமாகும். கூடவே நொறுங்குதன்மையும் வரும். முன்னரே சூடேற்றி, மெல்லக் குளிரவிடத் தெரிந்தவர் கையில் அது சிறந்த உலோகம். அந்த ஒழுங்கு இல்லாத இடத்தில், குறைந்த கரிமமுள்ள நல்ல 1020 குழாயே பாதுகாப்பானது என்பது என் துணிபு.

தவிர்க்க வேண்டியவையும் உள. கடைசல்காரர்கள் விரும்பும் எளிதில் வெட்டப்படும் எஃகில் கந்தகமும், சில வகைகளில் ஈயமும் கலந்திருக்கும். அது அழகாகக் கடையப்படும்; ஆனால் பற்றவைக்கும்போது விரிசல் காணும். துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாயும் இதற்கு ஆகாது. அடையாளம் தெரியாத பழைய இரும்புத் துண்டும் ஆகாது. ஆலையின் தரச்சான்றைக் கேட்டு வாங்குவதே முறை. பற்றவைத்தபின் குழாய் சற்றே கோணலுறும். ஆதலால் தாங்கியின் இருக்கையை இறுதி அளவுக்குக் கடைவதைப் பிறகு செய்ய வேண்டும்.

நம் முன்னோர் எஃகை நாம் பெருமையோடு நினைக்கிறோம். ஈரோடு மாவட்டக் கொடுமணல் அகழாய்வில் எஃகு உருக்கியதற்கான சான்றுகள் கிடைத்தன. 'வூட்ஸ்' என்று உலகம் அழைத்த தென்னிந்திய எஃகை மைக்கேல் ஃபாரடே 1819இல் ஆராய்ந்தார். அதில் கரிமம் ஒன்றரை விழுக்காட்டை ஒட்டியது. வாளுக்கு அது வாய்த்த எஃகு. ஆனால் அதே எஃகைக் கழுத்துக்கு வைத்துப் பற்றவைத்தால் விரிசலே மிஞ்சும். புகழ் பெற்ற எஃகா என்பதை விட்டு, இந்த வேலைக்கு ஏற்ற எஃகா என்றே பார்க்க வேண்டும்.

சட்டப் பொறுப்பும் இதில் உண்டு. பல வண்டிகளில் அடிச்சட்ட எண் கழுத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கழுத்தை வெட்டினால் வண்டியின் அடையாளமே போய்விடும். எனவே வெட்டுவதற்கு முன்பே சாலைப் போக்குவரத்துத் துறையாகிய ஜே.பி.ஜே.யை நாடுதல் வேண்டும்.

ஆசிரியர்களே, அறிவியல் வகுப்பில் ஓர் அரத்தையும் ஓர் ஆணியையும் மேசைமேல் வையுங்கள். வலிமை, விறைப்பு, கடினம், முறியாமை என்னும் நான்கு சொற்களையும் மாணவர் பிரித்துச் சொல்லப் பழகட்டும். நாளை அவர்களுள் ஒருவர் பட்டறையில் நின்று, "இது பலமான பெசிதானே?" என்று கேட்பதற்குப் பதில், "இதில் கரிமம் எவ்வளவு? எப்படிப் பற்றவைப்பீர்கள்?" என்று கேட்பாராயின், இவ்வுரை பயன் பெற்றதாகும்.